ஒரு கோப்பி இலையை வாசிக்க

1869ஆம் ஆண்டில் எங்கள் மலைகளின் கோப்பியைப் பற்றி இரண்டு எழுத்துகள் அச்சேறின. ஒன்று தமிழில்: ஆபிரகாம் யோசப் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டில் சொல்லும் நூல். மலையக எழுத்திலக்கியத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுகிறவர்கள் இதைத் தொடாமல் போவதில்லை. மற்றது ஆங்கிலத்தில், லண்டனில் வெளிவந்த ‘கார்டனர்ஸ் குரோனிக்கிள்’ என்ற தோட்டக்கலை இதழில். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெய்ற்ஸ் அனுப்பிவைத்த நோயுற்ற கோப்பி இலைகளை மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார் ஆராய்ந்தார். இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாகப் படிந்திருந்த பங்கசுவுக்கு அங்கேதான் பெயர் சூட்டினார்: ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த நோய்க்கும் ஒரு பங்கசுதான் காரணம் என்று இருபதாண்டுகளுக்கு முன்னரே வாதாடியவர் இவர்.

ஒரே பயிர். ஒரே ஆண்டு. கும்மி அந்தப் பயிரின் வாழ்வைப் பாடியது. பாதிரியாரின் குறிப்பு அதன் சாவுக்குப் பெயர் வைத்தது. இரண்டையும் சேர்த்து வாசித்த ஒருவர்கூட அன்று இருந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். கும்மியைப் பாடியவர்களுக்கு லண்டன் இதழ் எட்டாது. லண்டன் இதழை வாசித்தவர்களுக்குக் கும்மி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இருந்தும் சேர்த்து வாசிக்கிறோமா?

கோப்பியின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1820களில் கம்பளைப் பக்கமும் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலும் தொடங்கிய தோட்டங்கள், 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தன. கண்டிக்கு 1867இல் ரயில் வந்ததற்கும் கோப்பி மூட்டைகள்தான் பெரிய காரணம். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளை, மாத்தளை வழியாக நடந்து மலையேறினார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். அறுவடைக்கு வருவதும் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவதுமாகவே அவர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கை இருந்தது. கோப்பிக்கு ஆள்பலம் கூடுதலாகத் தேவைப்பட்டது பழம் பறிக்கும் காலத்தில்தான்.

பிறகு, பெர்க்லி பெயர் சூட்டிய அந்தப் பங்கசுவால் வரும் இலைத்துரு நோய் பரவியது. 1880இல் ஹரி மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளரை இங்கே அனுப்பினார்கள். பேராதனையில் இருந்துகொண்டு இரண்டு ஆண்டுகள் அந்தப் பங்கசுவின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தார் அவர். வித்திகள் காற்றில் போகின்றன. இலையில் ஈரம் இருந்தால் முளைக்கின்றன. இலைவாய் வழியாக உள்ளே நுழைகின்றன. ஒட்டும் திரவம் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வந்த வித்திகளைப் பிடித்துக் காட்டினார். காடுகளை அழித்து மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வழி திறந்துவிட்டது என்றும் சொன்னார். சொன்னதெல்லாம் சரி, ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. இலங்கைக் கோப்பித் தோட்டங்களுக்குக் கொடுத்த கடன்களும் அதற்கு ஒரு காரணம்.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட பயிர், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எல்லோருக்கும் புகலிடமானது. இந்த இடத்தில் நாம் நிதானித்து வாசிக்க வேண்டும். தேயிலைக்குப் பருவம் கிடையாது. கொழுந்து ஆண்டு முழுவதும் வரும். கொழுந்து பறிக்க ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும், அதிலும் பெண்களின் கைகள். வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். லயங்கள் நிரந்தரமாயின. கோயில் எழுந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், பெரியவர்கள் அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். ஒரு பங்கசு, பருவத்துக்கு வந்துபோன தொழிலாளரை ஒரு நாட்டின் குடிகளாக்கியது. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்தக் காரணத்தை விட்டுவிட்டு அந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

1948இல் மலையகத் தமிழரைக் குடியுரிமையற்றவர்களாக்கிய சட்டம் வந்தபோது, இவர்கள் இன்று வந்து நாளை போகிறவர்கள் என்ற பேச்சு பலமாக ஒலித்தது. அது கோப்பிக் காலத்துச் சித்திரம். தேயிலை அதை எப்போதோ மாற்றிவிட்டிருந்தது. பல தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைப் பார்த்து, பறிப்புக் காலம் முடிந்தால் திரும்பிப்போகும் பாட்டன்மாரின் அடையாளத்தை நீட்டினார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சம் 150,000 பேரின் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்வதாக வைத்துவிட்டார்கள். தாவரவியல் தெரிந்த ஒருவர் 1948இன் நாடாளுமன்றத்தில் எழுந்து, பயிர் மாறிய கதையைச் சொல்லியிருந்தால் எதுவும் மாறியிருக்குமா? மாறியிராது. வாக்குப் பலத்தின் கணக்கு வேறு. ஆனால் நம்மிடம் நம் வாதம் முழுதாக இருந்திருக்கும்.

இந்தக் கதையை எந்த ஒரு புத்தகத்திலும் நான் முழுதாக வாசிக்கவில்லை. டொனோவன் மோல்ட்ரிச் கோப்பிக் காலத் தொழிலாளர் பற்றி எழுதி 1989இல் கண்டியிலேயே வெளியான ஆங்கில நூல், நடந்து வந்தவர்களின் துன்பத்தைச் சான்றுகளோடு அடுக்குகிறது. ஸ்டூவர்ட் மெக்குக் இலைத்துருவின் உலகப் பயணத்தைப் பற்றி 2019இல் எழுதிய நூலை வாசித்தபோதுதான், கண்டிச் சீமையில் நடந்தது நமக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல, அதே தூள் கடல் கடந்து நாடு நாடாகப் போயிருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. ஆனால் ஒரு மனுஷி லயத்து வாசலில் நின்று என்ன நினைத்தாள் என்பதை இந்த இரண்டுமே சொல்லவில்லை. அதற்குப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’க்கும், கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’க்கும், சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவ’னுக்கும், என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்’துக்கும் போக வேண்டியிருந்தது. சி.வி. தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களையும் அங்கே சேர்த்துக்கொள்கிறேன். அந்தப் பாடல்கள் சோகம் மட்டும் சொல்லவில்லை. தோட்டத்தில் வேலை எப்படி நடந்தது என்பதற்கும் அவை சாட்சி.

மூன்று வகை நூல்களும் ஒன்றையொன்று திருத்துகின்றன. நாவல் மட்டும் வாசிப்பவருக்குத் தொழிலாளியின் துன்பம் முழுவதும் துரை, கங்காணி ஆகிய இருவரின் குணக்கேடாகத் தெரியும். வரலாறு மட்டும் வாசிப்பவருக்குச் சட்டங்களும் ஒப்பந்தங்களும் இலட்சக் கணக்குகளுமாகத் தெரியும். ‘துன்பக்கேணி’யின் மருதி போன்ற ஒருத்தி அந்தக் கணக்கில் கரைந்துவிடுவாள். விஞ்ஞானம் மட்டும் வாசிப்பவருக்குப் பங்கசு எப்படிப் பரவியது என்று தெரியும். அது யாருடைய வயிற்றில் அடித்தது என்று தெரியாது. பலவகை வாசிப்பு பொது அறிவை வளர்க்கும் என்று மேடைகளில் சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் குறையாகப் படுவது இதனால்தான். பொது அறிவுக்கு ஒரு வினாவிடைப் புத்தகம் போதும். நம்முடைய சொந்தக் கதை ஒரே அலமாரியில் வைக்கப்படவில்லை. அதைத் தேடித்தான் நாம் மூன்றுக்கும் போக வேண்டியிருக்கிறது.

இன்னொரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கிய ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 19 ஆண்டுகள் இந்த மலைநாட்டுக்குள் இருந்தார். சேர்ந்து சிக்கிய தகப்பன் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகனிடம் இருந்தவை இரண்டு பக்தி நூல்கள். கிட்டத்தட்ட மனப்பாடமாகும் வரை அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு ஒரு கிழவரிடம் ஆங்கில வேதாகமம் இருப்பதைக் கண்டு, தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கினார். வாசிக்க ஏதும் இல்லாத இடத்தில் ஒரு மனிதன் எழுத்துக்காக எப்படித் தவிப்பான் என்பதற்கு அந்தத் தொப்பியே போதுமான சாட்சி. 1679இல் அநுராதபுரக் காடுகள் வழியாக ஓடி மன்னார்க் கரையின் அரிப்பில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். பின்னாளில் கோப்பித் தொழிலாளர் வந்திறங்கிய அதே கரை. உயிரைப் பிடித்துக்கொண்டு இவர் வெளியேறிய திசையிலிருந்துதான் அவர்கள் உள்ளே நடந்தார்கள்.

1681இல் லண்டனில் வெளியான நொக்ஸின் நூலுக்கு முன்னுரை எழுதியவர் ரொபர்ட் ஹூக். உயிர்க்கலத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் என்று நம் பிள்ளைகள் படிக்கும் அதே ஹூக். நொக்ஸ் கஞ்சாவைப் பற்றிச் சொன்னதை வைத்து 1689இல் றோயல் சொசைட்டியில் உரையும் நிகழ்த்தியிருக்கிறார். டானியல் டீஃபோ தமது ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்தார். ‘ரொபின்சன் குரூசோ’விலும் அதன் சாயல் உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எங்கள் மலைகளில் விளைந்த ஒரு நூல் வரலாறாகவும் விஞ்ஞானியின் கைச்சரக்காகவும் நாவலின் விதையாகவும் ஒரே காலத்தில் இருந்திருக்கிறது.

ஹூக்கின் ‘மைக்ரோகிராஃபியா’வை, அதாவது 1665இல் வெளியான அவரது நுணுக்குக்காட்டி நூலைப் புரட்டியபோது, ஒரு படத்தில் என் கை நின்றது. ரோசா இலையில் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிந்த நோயைப் பெருக்கிப் பார்த்து, அதில் நுண்ணிய செடிகள் முளைத்திருப்பதாக வரைந்திருக்கிறார். அது ஒரு துருப் பங்கசு! கோப்பியைத் தின்ற பங்கசுவுக்கு உறவு. கண்டியைப் பற்றிய முதல் பெரிய ஆங்கில நூலை உலகத்துக்கு அறிமுகம் செய்த மனிதரின் கண், இரு நூற்றாண்டுகள் கழித்துக் கண்டிச் சீமையைப் புரட்டிப் போட்ட பங்கசுவின் உறவைப் பார்த்திருக்கிறது. இதில் காரண காரியம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வாசிப்பில் கிடைக்கும் பெரும் மகிழ்ச்சி இதுதான் என்றால் நான் மறுக்கமாட்டேன்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பெண் ஒருத்தியிடம் அண்மையில் ‘துன்பக்கேணி’யைக் கொடுத்தேன். “சேர், நான் பயோ. இதெல்லாம் ஆர்ட்ஸ் பிள்ளைகள் வாசிக்கிறது” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பதினாறு வயதில் பிள்ளைகளைப் பிரிவு பிரிவாகப் பிரித்துவிடுகிறோம். வாசிப்பும் அந்தப் பிரிவோடு போய்விடுகிறது. கலைப்பிரிவுப் பிள்ளைக்குப் பங்கசு எதற்கு, விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைக்கு நாவல் எதற்கு என்பது வீட்டிலும் பாடசாலையிலும் ரியூஷன் வகுப்பிலும் ஒரே குரலில் சொல்லப்படுகிறது. இது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமியை எந்தப் பிரிவில் உட்காரவைத்திருப்போம்? 1903இல் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் பொறுப்பேற்றுப் பாறைகளை ஆராய ஊர் ஊராகப் போனவர், அந்தப் பயணங்களில் கண்ட சிற்பிகளையும் நெசவாளர்களையும் பற்றி எழுதினார். கண்டிக் கலைகளைப் பற்றிய அவரது பெருநூல் 1908இல் வந்தது.

எந்த நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்குப் போனாலும் விஞ்ஞானம் என்ற பெயரில் இருப்பவை பெரும்பாலும் பரீட்சை வழிகாட்டிகள். நாவல்கள் உண்டு. வரலாறும் ஓரளவு உண்டு. இணையத்தில் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பழைய இதழ்களையும் ஏற்றிவைத்திருப்பதால், தோட்டத்துப் பிள்ளையும் கைத்தொலைபேசியில் அவற்றைத் திறந்துவிடலாம். நம் மண்ணின் விஞ்ஞானத்தைச் சாதாரண வாசகருக்குத் தமிழில் சொல்லும் நூல்தான் கிடைப்பதில்லை. வோர்ட் வேலை செய்த பூங்கா பேராதனையில் இருக்கிறது. வீதியின் மறுபுறம் பல்கலைக்கழகம். ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம். தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துர. எல்லாம் கண்டியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில்தான்.

இலைத்துருவையும் மலையகத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரு தமிழ் நூல் வேண்டும். பங்கசுவின் வாழ்க்கை வட்டத்தைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும். வங்கி முறிந்த கணக்கும், லயம் எழுந்த கதையும், 1948உம் அதில் வர வேண்டும். தாவரவியல் படித்த, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் எழுதினால் இன்னும் சிறப்பு. பேராதனையில் அப்படிப் பலர் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுத முன்வருபவர் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போட்டால் போதும். மேலே சொன்ன நூல்களில் என்னிடம் இருப்பவற்றை அவருக்குக் கொடுக்கிறேன், வேலை முடியும்வரை வைத்துக்கொள்ளலாம்.