அன்னதானத்துல கோபிஸ் வச்சா குத்தமா?

"கோயில் சாப்பாட்டுல சோத்தைக் குறைச்சிட்டு கோபிஸை அள்ளி வைக்கிறாங்க"ன்னு வாட்ஸ்அப்புல ஒரே பேச்சு. ஆமாம், வைக்கிறோம். இனியும் வைப்போம்.

2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதிலும் இந்தியர்கள்தான் முன்வரிசை. பந்தியில் உட்காருகிறவர்களில் யார் டயாலிசிஸ் போறாங்க, யார் கால் விரலை இழந்தாங்கன்னு பரிமாறுற எங்களுக்குத் தெரியும். அவங்க இலையில் சோறு, உருளைக்கிழங்கு, பாயசம்னு கொட்டுறது புண்ணியமா?

கோபிஸ், சவி, காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாமே கடுகு குடும்பம். மாவுச்சத்து குறைவு, நார்ச்சத்து உண்டு, வைட்டமின் சி உண்டு. சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரு'வும் இதைத்தான் சொல்லுது: கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம், பாதித் தட்டு காய், பழம்.

எங்க தப்பும் உண்டு. முன்னே கோபிஸை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு தண்ணியைக் கொட்டினோம். சத்தும் அதோட போச்சு. இப்போ நறுக்கி கொஞ்ச நேரம் வச்சு, கடுகு தாளிச்சு, தேங்காய்ப்பூ தூவி சீக்கிரம் இறக்குறோம்.

இது மருந்து இல்லை. மாத்திரையை நிறுத்தாதீங்க. டயாலிசிஸ் செய்றவங்க, வார்ஃபரின் சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

கேமரன் மலைக் காய் சிம்பாங் பூலாய் வழியா நம்ம பக்கம்தான் இறங்குது. அதை விட்டுட்டு அப்பளத்துக்கு சண்டையா?

சனிக்கிழமை காலையில காய் நறுக்க ஆள் வேணும். குறை சொல்றவங்க கத்தியும் பலகையும் எடுத்துட்டு வாங்க.