எல்லை தாண்டும் பைகள்



ஆகஸ்ட் இறுதியில் பொறையாறு வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள், நம் கோட்டுச்சேரிமேடு, காரைக்கால் பகுதியைக் கடந்து மீண்டும் தமிழ்நாட்டுக்குள் நுழைகின்றனர். ஒரே பயணம், இரண்டு அரசுகளின் சட்டங்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கைப்பை கூடாது. தண்ணீர் பாக்கெட்டும் கூடாது. புதுச்சேரி அரசும் அதே ஆண்டில் தடை கொண்டுவந்தது. மத்திய அரசின் விதியோ, 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகளை மட்டுமே தடுக்கிறது. இத்தனை சட்டங்கள் இருந்தும் பை ஒழியவில்லையே, ஏன்?

அயர்லாந்து நாடு 2002-இல் தடை விதிக்கவில்லை. ஒரு பைக்கு 15 சென்ட் வரி விதித்தது. பயன்பாடு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்தது. காசு கேட்டதும் மக்கள் வீட்டிலிருந்தே பை எடுத்து வந்தனர். நமக்கோ பை இலவசமாகக் கிடைக்கிறது. அதன் விலையைக் கடலில் வலை வீசும் நம் மீனவச் சகோதரர்கள் கொடுக்கின்றனர். அரசலாறு எல்லை பார்த்து ஓடுவதில்லை.

பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது போன்ற சிறு செயல்களையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தினார். திருப்பயணிகளுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் அன்பியங்கள், பாக்கெட்டுக்குப் பதிலாகப் பானையும் குவளையும் வைக்கலாமே. கடைக்குப் போகும்போது மஞ்சள் பையை மறவாதிருப்போம்.