நாலு பிள்ளைக்கு எதற்குத் தனி ஆசிரியர்?

"ஒரு பள்ளியில் நாலு பிள்ளைகள்தான் மாற்றுத்திறனாளிகள், அவர்களுக்கென்று சிறப்பாசிரியர், தனிச் செலவு எதற்கு? அந்தப் பணத்தில் வகுப்பறை கட்டலாமே" என்கிறார்கள்.

தலையை எண்ணும் இந்தக் கணக்கே தவறு. வீட்டில் கிடக்கும் பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்காது. சாய்தளமும் ஏற்ற கழிவறையும் ஆசிரியரும் இல்லாததால் பலர் வருவதில்லை. அந்தக் குறைந்த எண்ணிக்கையைக் காட்டி அவற்றையே மறுப்பது என்ன நியாயம்?

மூளை முடக்குவாதம் உள்ள சிறுமி ஒருத்தியை இரண்டாம் வகுப்பில் பார்த்திருக்கிறேன். பென்சில் விரலில் நிற்காது. சிறப்பாசிரியை அதில் பழந்துணியைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுப் பிடிக்கப் பழக்கினார். 'அ' எழுத மூன்று வாரம் ஆனது. எழுதியதும் அவள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்பெல்லாம் காட்டினாள். ஆனால் அந்த ஆசிரியை வாரத்தில் ஒருநாள்தான் வருவார். மற்ற நாள்களில் வட்டாரத்தின் பிற பள்ளிகளுக்கு அலைச்சல். தொகுப்பூதியம், நிரந்தரமில்லாத வேலை. மீதி நான்கு நாளும் சிறுமி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இப்பிள்ளைகளுக்கு ஆசிரியர் தருவது தயவு அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2022இல் ஒன்றிய அரசும் அறிவித்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்ட நிதியை 2024–25இல் ஒன்றிய அரசு நிறுத்தியபோது, இந்த ஆசிரியர்களின் ஊதியமும் அதை நம்பித்தான் இருந்தது.

வகுப்பறை வேண்டாம் என்று யார் சொன்னது? சாய்தளத்தோடு கட்டுங்கள். அதில் ஏறி வரும் பிள்ளைக்கு ஐந்து நாளும் ஆசிரியர் வேண்டும்.