கோலார் கழிவு மண்ணும் நமது கடமையும்

தோணிரேவு முதலிய கிராமங்கள் சூழ்ந்த பழவேற்காட்டு ஏரியில், மீனவர் முறைவைத்து வலையிடும் 'பாடு' வழக்கம் உண்டு. நீரின் செல்வம் ஒருவருக்கே உரியதன்று என்பது அதன் தர்மம். பூமியின் செல்வத்துக்கும் அதுவே நியாயம்.

கோலாரில் அது அனுஷ்டிக்கப்படவில்லை. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியும், 1956க்குப் பின் சர்க்காரும், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால், ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தனர். 2001ல் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியவை வேலையிழந்த குடும்பங்களும், சயனைடு கலந்த 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண்ணுமே.

அம்மண்ணிலுள்ள தங்கத்தையும் எடுப்பதற்கு 2024ல் கர்நாடக சர்க்கார் சம்மதித்தது. எடுக்கட்டும், ஆனால் லாபத்தின் முதற்பங்கு நிலத்தைச் சுத்தி செய்வதற்கும், அத்தொழிலாளர் சந்ததிக்குமே உரியது. இதை முன்னதாகவே சட்டமாக்காவிடில், மறுமுறையும் தங்கம் வெளியேறும். தூசு மட்டும் அங்கே தங்கும்.