பங்கை விற்றது தப்பா, மெஷினை வாங்காதது தப்பா? இன்டெல் கோட்டை விட்ட கதை!

திருக்கோவிலூர் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டையை இறக்கும் விவசாயிக்கு இந்த வலி புதிதல்ல. கடன் நெருக்கடியில் விற்றுவிட்டு வந்தால், ரெண்டு மாதத்தில் விலை எகிறும். ‘கொஞ்சம் பொறுத்திருக்கலாமே’ என்று வீட்டில் பேச்சு கிளம்பும். உலகின் மூன்று பெரிய சிப் கம்பெனிகளுக்கும் இதே புலம்பல் உண்டு. தொகைதான் வேறு!

2012-ம் ஆண்டு. சிப் அச்சிடும் புதுவகை மெஷினை உருவாக்கிக்கொண்டிருந்த நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம், ஆய்வுச் செலவில் பங்கெடுக்கத் தன் வாடிக்கையாளர்களையே அழைத்தது. சந்தையில் முட்டிமோதும் அமெரிக்காவின் இன்டெல், தைவானின் டி.எஸ்.எம்.சி., கொரியாவின் சாம்சங் மூன்றும் பணம் போட்டன. இன்டெலுக்கு 15%, டி.எஸ்.எம்.சி.க்கு 5%, சாம்சங்குக்கு 3% பங்குகள். ஒரு பங்கு 39.91 யூரோ.

டி.எஸ்.எம்.சி. 2015-லேயே மொத்தத்தையும் விற்றது. சாம்சங் 2016-ல் பாதி, 2023-ல் மீதி. இன்டெல் 2017, 2018-ல் பெரும்பகுதியைக் கைகழுவியது. எல்லோருக்கும் லாபம்தான். ஆனால், 2024 ஜூலையில் அதே பங்கு 1,000 யூரோவைத் தாண்டியது. 25 மடங்கு!

இதைச் சொல்லித்தான் பலரும் ‘உச்’ கொட்டுகிறார்கள். ஆனால், ஓரிடத்தில் கணக்கு உதைக்கிறது. முதலில் முழுசாக விற்றுவிட்டுப் போனது டி.எஸ்.எம்.சி. மற்றவர்களுக்கு சிப் செய்து கொடுக்கும் தொழிலில் இன்று உலகிலேயே முதலிடத்தில் இருப்பதும் அதுதான். அப்படியென்றால், பெரிய தப்பு பங்கில் இல்லை... மெஷினில்!

ஈ.யு.வி. என்று அழைக்கப்படும் அந்த மெஷினை ஏ.எஸ்.எம்.எல். மட்டுமே தயாரிக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ‘ஈயம்’ பூசுவார்களே, அந்த வெள்ளீயம்தான் இதற்கும் மூலப்பொருள். கண்ணுக்குத் தெரியாத வெள்ளீயத் துளிகளை விநாடிக்கு 50,000 முறை லேசரால் அடித்தால் ஒருவித ஒளி பிறக்கும். அந்த ஒளியில்தான் மிக நுண்ணிய சிப் கோடுகள் பதிகின்றன. ஒரு மெஷின் விலை ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்.

இதை உருவாக்க அதிகப் பணம் போட்ட இன்டெலே, இதை வாங்கிப் பயன்படுத்தத் தயங்கியது. பழைய மெஷின்களை வைத்தே 10 நானோமீட்டர் சிப்பைச் செய்து முடித்துவிடலாம் என்று நினைத்தது. அது வருடக்கணக்கில் இழுத்தது. இதற்குள் சாம்சங்கும் டி.எஸ்.எம்.சி.யும் 2018, 2019-லேயே ஈ.யு.வி. மூலம் சிப் செய்யத் தொடங்கிவிட்டன. இன்டெல் வந்து சேர்ந்தது 2023-ல். அந்த ஆண்டு அதன் சிப் தயாரிப்புப் பிரிவுக்கு நஷ்டம் மட்டும் 700 கோடி டாலர். தன் சிப்களில் ஒரு பகுதியை டி.எஸ்.எம்.சி.யிடமே கொடுத்துச் செய்துவாங்கும் நிலையும் வந்தது. விதைக்குப் பணம் கொடுத்தவர், விளைச்சலைப் பக்கத்து வீட்டில் காசு கொடுத்து வாங்கியதுபோல!

இப்போது நம்மூர் பக்கம் வருவோம். ஶ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் 70 கோடி டாலரில், அதாவது சுமார் 5,800 கோடி ரூபாயில், சிப் தொழிலில் இறங்கப் போவதாக 2024-ல் செய்தி வந்தது. 2025 மே மாதம் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது. இந்தத் தொழிலுக்கு அரசின் பணமும் தேவை; அதை வாங்குவதற்கு முன் தொழில்நுட்பம் பற்றி முழு நம்பிக்கை வேண்டும்; அது வரவில்லை என்பதே வேம்பு சொன்ன காரணம்.

இதைப் பின்வாங்கல் என்று கேலி செய்வது சுலபம். ஆனால், எந்த மெஷின், எந்த முறை என்று தெளிவாகாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெல் அளவுக்குப் பெரிய கம்பெனியே சாட்சி. இந்தியாவில் சிப் தொழிற்சாலை அமைத்தால் திட்டச் செலவில் பாதி வரை மத்திய அரசு தருகிறது. திருக்கோவிலூர் கடைத்தெருவில் வாங்கும் சோப்புக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யில் ஒரு பகுதியும் அந்தக் கஜானாவுக்குத்தான் போகிறது.