பீரங்கிக்கு விலை போடாதீர்கள், கணக்கெடுங்கள்!

யூடியூபில் ஒரு வகை வீடியோ உண்டு. அமெரிக்காவில் ஏதோ ஒரு பண்ணை வீடு. வயதான ஒருவர் கொட்டகையைத் திறந்து காட்டுவார். உள்ளே மாக்சிம், விக்கர்ஸ், பிரென் என்று வரிசையாகப் பழைய மெஷின் கன்கள். பக்கத்திலேயே ஹெல்மெட், தோட்டாப் பெட்டி, ஃபீல்டு டெலிபோன். எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து பளபள என்று இருக்கும். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஹாஸ்டல்களிலும் இதை வாய் பிளந்து பார்க்கிற பையன்களுக்குப் பஞ்சமில்லை. பார்த்து முடித்ததும் அடுத்த கேள்வி: "மச்சி, நம்மூர்ல இப்படி ஒண்ணு வாங்கி வைக்க முடியுமாடா?"

முடியாது. மேட்டர் ஓவர் :-)

விசையை அழுத்திப் பிடித்தால், விடுகிறவரை குண்டு வந்துகொண்டே இருக்கும் துப்பாக்கி எதுவானாலும் 1959ம் வருட ஆயுதச் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட ஆயுதம். 2019ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வைத்திருந்தால் குறைந்தபட்சம் 7 வருடம் உள்ளே. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும் சட்டத்தின் 45வது பிரிவில் விலக்கு உண்டு.

அமெரிக்காவில் மட்டும் எப்படி? 1934ல் ஒரு சட்டம் போட்டு, மெஷின் கன் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றார்கள். 1986ல் இன்னொரு சட்டம்: இனிமேல் தயாராகும் மெஷின் கன்னைத் தனியார் பெயரில் பதிய முடியாது. அதாவது சப்ளை அந்த வருடத்தோடு நின்றுவிட்டது, டிமாண்ட் நிற்கவில்லை. பி.காம் முதல் வருடம் படிப்பவருக்கே மீதி புரியும். இன்று ஒரு துப்பாக்கிக்குப் பல்லாயிரம் டாலர். பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டாலும் பலருக்கு அது முதலீடு.

முதலீடு ஆகிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? மாடல் என்ன, சீரியல் நம்பர் பொருந்துகிறதா, பெயிண்ட் ஒரிஜினலா என்று பேசுவார்கள். எந்தப் போரில் இருந்தது என்பதைக்கூடச் சொல்வார்கள், அது விலையை ஏற்றும். ஆனால் எதிரே நின்று செத்தவன் யார் என்ற காலம் மட்டும் அந்தப் பட்டியலில் இருக்காது. 1898ல் சூடானின் ஓம்டுர்மானில் மாக்சிம் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் முன்னால் ஒரே காலையில் சுமார் 10,000 பேர் விழுந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் சுமார் 50. 1919ல் ஜாலியன்வாலா பாகுக்கு டயர் கொண்டுபோன இரண்டு கவச வண்டிகளிலும் மெஷின் கன் இருந்தது. சந்து குறுகலாக இருந்ததால்தான் அவை உள்ளே போகவில்லை. அந்தச் சந்தின் அகலத்தை விட்டுவிட்டு அந்தத் துப்பாக்கியை மட்டும் ஹாலில் வைத்தால், அது வெறும் இரும்பு.

சரி, விழுப்புரம் மாவட்டத்துக்கு வருவோம். மாக்சிம் துப்பாக்கியைக் கண்டுபிடித்தது 1884ல். அதற்கு நூறு வருடம் முன்பே இந்த வட்டாரம் முழுக்கப் போர்க்களம். செஞ்சிக் கோட்டையை 1750ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1761ல் ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள், 1780ல் ஹைதர் அலி படை பிடித்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெருமுக்கல் மலைக்காகவும் 1760ல் சண்டை நடந்தது. அதே வருடம் ஜனவரி 22ம் தேதி, திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசியில் அயர் கூட்டும் லாலியும் மோதினார்கள். ஆங்கிலேயர் சுட்ட ஒரு குண்டு பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி மேல் விழுந்து, சுமார் 80 பேர் செத்தும் காயம்பட்டும் போனார்கள். ஒரே ஒரு குண்டு! தளபதிகள் பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சம்பளத்துக்கு வந்த சிப்பாய்கள் பெயர்?

இன்றும் செஞ்சி ராஜகிரி உச்சியில் ஒரு பெரிய பீரங்கி கிடக்கிறது. மூச்சு வாங்க ஏறிப் போகிறவர்கள் அதன் மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் ராணுவக் கோட்டைகள் என்று 12 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டுக்கு ஒன்றே ஒன்று. அது செஞ்சி. இனி கூட்டம் வரும், பழம்பொருள் ஆசையும் கூடவே வரும். செஞ்சிக்கு இது புதிதும் அல்ல. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். அங்கே போய் செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இடம் மாறிய பொருளுக்கு இதுதான் கதி.

"அரசாங்கம் கையில் இருந்தால் துருப்பிடித்துப் போகும், சேகரிப்பவனாவது காப்பாற்றுவான்" என்று ஒரு வாதம் வரும். அதில் நியாயம் இருக்கிறது. 1971 போரில் பங்கெடுத்த ஐஎன்எஸ் விக்ராந்த் கப்பலை மும்பையில் அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். கட்டுப்படியாகவில்லை என்று 2014ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் விற்று உடைத்தார்கள். அந்த உலோகத்தைக் கொஞ்சம் சேர்த்து 2016ல் பஜாஜ் ஒரு பைக் விட்டது. போர்க்கப்பல் பெட்ரோல் டேங்க் ஆன கதை! அரசு தோற்கிற இடம் இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கடைக்காரர் கணக்கு எழுதவில்லை என்பதற்காக வாடிக்கையாளர் சரக்கைத் தூக்கிக்கொண்டு போகலாமா? அவரைக் கணக்கு எழுத வைப்பதுதானே முறை?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. பதிவேட்டில் இல்லாத சரக்கு தொலைந்தால் தொலைந்ததே தெரியாது. செஞ்சியில், பெருமுக்கலில், வந்தவாசியில் என்னென்ன இருக்கிறது? பீரங்கி எத்தனை, கல் குண்டு எத்தனை, இரும்புக் குண்டு எத்தனை? நீளம், வாய் அகலம், மேலே இருக்கும் முத்திரை, எந்தச் சுவருக்குப் பக்கத்தில் கிடக்கிறது? இத்தனையும் தமிழில், யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி ஒரே பட்டியலாக வேண்டும். இருக்கிற இடத்திலேயே ஒரு பலகையும் வேண்டும்: யார் சுட்டது, யாரைப் பார்த்துச் சுட்டது, என்ன ஆனது.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. தொல்லியல் துறையின் அனுமதி, ஒரு அளவு டேப், ஒரு செல்போன், நாலு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் செஞ்சிக்கு பஸ் இருக்கிறது. அடுத்தவன் கொட்டகையில் இருக்கும் துப்பாக்கியைப் பார்த்து ஏங்குகிற நேரத்தில் ராஜகிரி ஏறி இறங்கிவிடலாம். தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம், வெயில் சும்மா விடாது!