குளத்தைத் தூர்வாரு! கோரையை வேரோடு வழிக்காதே!



தூர்வாரச் சொல்லிப் போராடியது நம்ம சங்கம்தான். மனுக் கொடுத்தோம், மறியல் செய்தோம். இப்போது இயந்திரம் வந்திருக்கிறது. வந்து என்ன செய்கிறது? குளத்தின் நடுவே மேடிட்டுக் கிடக்கிற கரம்பையில் கை வைப்பது கொஞ்சம். கரையோரம் நிற்கிற கோரையை வேரோடு வழித்து லாரியில் ஏற்றுவதுதான் அதிகம். ஏன்னா, வேலை நடந்த மாதிரிக் காட்ட அதுதான் சுலபம். பச்சையாக நின்ற இடம் வெறும் மண்ணாகத் தெரிந்தால் போட்டோவில் "சுத்தம்". கரம்பையை எத்தனை அடி தோண்டினார்கள் என்று குளம் பெருகிய பிறகு எவன் முங்கிப் போய் அளக்கப் போகிறான்?

"கோரை களைதானே அண்ணாச்சி, போனாப் போகட்டுமே" என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வயலில் வருகிற கோரை நமக்கு எதிரி. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு கிடந்து மறுபடி முளைக்கும். அதோடு மல்லுக்கட்டி நாமெல்லாம் கை காய்த்தவர்கள். ஆனால் குளத்தோரம் ஆள் உயரத்துக்கு நிற்கிற பாய்க்கோரை அதுக்குச் சொந்தக்காரன்தானே ஒழிய அதே ஆள் இல்லை. அதன் தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், மூன்று மூலை தட்டுப்படும். புல்லுக்கு இருக்கிற மாதிரிக் கணு இருக்காது. உள்ளே பஞ்சு போலச் சோறு. அந்தச் சோற்றுக்குள்தான் சூட்சுமம். தண்ணீருக்கு அடியில் சேற்றில் காற்று கிடையாது. கோரை மேலே இருந்து காற்றை உறிஞ்சித் தண்டு வழியாக வேருக்கு அனுப்புகிறது. அதனால்தான் மற்ற செடி அழுகுகிற இடத்திலும் அது நிற்கிறது. வேரைச் சுற்றி அந்தக் காற்று கசிவதால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அங்கே வாழ்ந்து, வருகிற அழுக்கைத் தின்கின்றன. மேலே உள்ள வயல்களில் நாம் போடுகிற யூரியாவில் ஒரு பங்கு வடிகால் வழியாகக் குளத்துக்குத்தான் வருகிறது. அதை உறிஞ்சித் தானும் வளர்வது கோரை. அதை வழித்துவிட்டால் அந்தச் சத்தையெல்லாம் தின்று கொழுக்க ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் காத்திருக்கின்றன. இரண்டும் தென் அமெரிக்கச் சரக்கு. நம்ம மாடுகூட வாய் வைக்காத காட்டாமணக்கை வெட்டி மாளுமா?

அடுத்தது கரை. குளம் நிறைந்து காற்றடிக்கிற நாளில் அலை ராத்திரி முழுக்கக் கரையை அறுக்கும். முன்னால் கோரை நின்றால் அலையின் வேகம் அதிலேயே உடைந்துவிடும். கிழங்கும் வேரும் பாய் பின்னின மாதிரி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கொட்டிய மழை நமக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். குளங்கள் வரிசையாக உடைந்தன. அந்த வெள்ளத்தைக் கோரை தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, அது பொய். வருஷா வருஷம் கரை கொஞ்சம் கொஞ்சமாக மெலிவதைத் தடுக்கும் என்கிறேன். மெலிந்த கரைதான் பெருவெள்ளத்தில் முதலில் போகும்.

விரால் கரையோரப் புதருக்குள்தான் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். தட்டான் தண்ணீருக்குள் முட்டை வைக்கும். அதன் குஞ்சு கொசுப்புழுவைத் தின்று வளர்ந்து, கோரைத் தண்டில் ஏறித்தான் சிறகு விரிக்கும். பிறகு பிசான நெல்லில் பறந்து புகையானையும் இலைச்சுருட்டு அந்துப்பூச்சியையும் பிடிக்கும். காசில்லாத மருந்து. தாழைக்கோழி கோரைக்குள் இருந்து வந்து நெல்லையும் கொஞ்சம் மேயத்தான் செய்யும், அதை மறைக்கவில்லை. கூந்தன்குளத்தைப் பாருங்கள். பாசனக் குளம்தான், ஆனால் பறவைகள் சரணாலயமாகி இன்று ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டவர்கள்.

கோரையில் கூலியும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாய்க்கு மூலப்பொருள் இதுதான். கரூர், நாமக்கல் பக்கம் காவிரித் தண்ணீரில் கோரையைப் பயிராகவே போட்டு விற்கிறார்கள். அடியை விட்டு அறுத்தால் மறுபடி தழையும். நம்ம பக்கம் அறுத்துப் பிழைத்த பெண்கள், இயந்திரம் வந்துபோன குளங்களில் அரிவாளோடு சும்மா திரும்பி வருகிறார்கள்.

சட்டம் காப்பாற்றுமா? 2017ஆம் ஆண்டின் மத்திய ஈரநில விதிகளை எடுத்துப் பாருங்கள். பாசனத்துக்கென்று மனிதன் வெட்டிய நீர்நிலை அதில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசுகிறது. ஒப்பந்தக்காரர் கோரையை வழிப்பது ஆக்கிரமிப்புக் கணக்கில் வருமா? ஆகவே இந்தக் கோரைக்குக் காவல் நாம்தான்.

சங்கம் கேட்பது இதுதான். மடை வாயிலும் மறுகாலிலும் வரத்துக்காலிலும் தண்ணீரை மறிக்கிற கோரையை எடுக்கட்டும், நாமே கூட நிற்போம். கரை அடியில் அலை படுகிற பட்டை முழுக்கக் கோரை நிற்க வேண்டும். எடுக்கிற இடம், விடுகிற இடம் இரண்டையும் மதிப்பீட்டிலேயே குறித்து, குளக்கரையில் தமிழில் பலகை வைக்க வேண்டும். கரம்பை எடுத்த ஆழத்தை விவசாயிகள் முன்னால் அளக்க வேண்டும். கோரை அறுக்கிற உரிமையை ஏலம் விடாமல் ஊர்ப் பெண்கள் குழுவுக்குக் கொடுக்க வேண்டும்.

மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைப்போம். தீர்மானத்தை நோட்டில் எழுதிய பிறகுதான் கையெழுத்து, வெறும் தாளில் போட்டுவிடாதீர்கள். மறுநாள் காலை 7 மணிக்குச் சங்கக் கிளை ஆட்கள் அவரவர் குளக்கரையில் நிற்க வேண்டும். அளக்க ஒரு நீளக் கயிறும், எல்லை நட நாலு முளைக்கம்பும் கொண்டு வாருங்கள்.